வானூர்திச் சிற்பி மிட்செல்

செப்புப் படிமம் வார்க்கும் சிற்பி, உலோகத்தை உருக்குவதற்கு முன்னர் மெழுகினால் ஓர் உருவம் சமைப்பான். மூக்கின் கூர்மையும் விரலின் நெளிவும் அம்மெழுகிலேயே செம்மையுறுதல் வேண்டும். மெழுகில் நேர்ந்த பிழையை நகத்தாலும் திருத்திவிடலாம். வார்த்து முடித்த பின்னர்க் காணும் பிழையைத் திருத்துதல் அரிது. பெரும்பொருள்களை ஆக்குவோர் பலரும் மேற்கொள்ளும் நெறி இதுவே. சிறிய உருவிலே பிழை கண்டு திருத்தக் கற்றவர், பெரிய உருவினைச் செவ்விதின் முடிக்க வல்லவர் ஆவர். இவ்வுண்மைக்குச் சான்றாக வாழ்ந்தவர், இங்கிலாந்து நாட்டு வானூர்திச் சிற்பியாகிய ரெஜினால்டு ஜோசப் மிட்செல் என்பவர். மரச்சிம்பும் தாளும் கொண்டு விளையாட்டு விமானம் செய்த சிறுவராகத் தொடங்கி, ஸ்பிட்பயர் என்னும் புகழ்பெற்ற போர்விமானத்தை ஆக்கி, 42 வயதிலேயே மறைந்த அவருடைய வரலாறு மாணவர்கள் அறியத்தக்கதாகும்.

இளமைப் பருவம்

மிட்செல் 1895-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள், ஸ்டாபர்டுஷயர் கோட்டத்தைச் சேர்ந்த பட் லேன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். மட்கலத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர்கள் நிறைந்த பகுதி அது. அவருடைய தந்தையார் ஹெர்பர்ட் மிட்செல் பள்ளி ஆசிரியராய் இருந்தவர். பின்னர் அச்சுத் தொழிலை மேற்கொண்டார். அவருடைய மக்கள் ஐவருள் நம் மிட்செல் இரண்டாமவர்.

ரைட் சகோதரர்கள் அமெரிக்காவில் முதன்முதலாகப் பொறி விமானத்திற் பறந்த 1903-ஆம் ஆண்டில் மிட்செல் 8 வயதுச் சிறுவர். பிரெஞ்சு நாட்டுப் பிளேரியோ 1909-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்தபொழுது அவருக்கு 14 வயது. வானத்தை வெல்லும் வேட்கை மேலை நாட்டு இளைஞர் பலரையும் பற்றிக்கொண்ட காலம் அது. ஹான்லி உயர்நிலைப் பள்ளியிற் பயின்றுவந்த மிட்செலும் மெல்லிய மரச்சிம்புகளைச் சட்டமாகக் கட்டி, அதன்மேல் தாளை ஒட்டி, மாதிரி விமானங்கள் செய்து பறக்கவிட்டார்.

மாதிரி விமானம் செய்து பறக்கவிடுதல் எளிய விளையாட்டன்று. முற்பகுதியிற் கனம் மிகுமாயின், அது தலைகுப்புற விழும். பிற்பகுதியிற் கனம் மிகுமாயின், மூக்கைத் தூக்கி நின்று வேகம் இழந்து சரியும். ஓர் இறக்கை மற்றையதினும் சிறிதே திருகியிருப்பினும், ஒரு பக்கமாகச் சுழன்று வீழும். பிழை எதுவாயினும் அதனைக் காற்று மறைக்காது காட்டிவிடும். விழுந்த மாதிரியைக் கையில் எடுத்து, விழுந்த காரணத்தை ஆராய்ந்து, திருத்தி மீண்டும் விடுகின்ற சிறுவன், நூல்களிற் படித்தற்கு அரிய பாடம் ஒன்றைக் கற்றுக்கொள்கின்றான். அப்பாடத்தை மிட்செல் வாழ்நாள் முழுவதும் மறந்தாரில்லை.

தொழிற்பயிற்சி

பள்ளிப் படிப்பு முடிந்தபின், 1911-ஆம் ஆண்டில், தம் 16-ஆம் வயதில், பென்டன் என்னும் ஊரில் நீராவி எஞ்சின்கள் செய்துவந்த கெர் ஸ்டூவர்ட் தொழிற்சாலையில் மிட்செல் பயிற்சியாளராகச் சேர்ந்தார். எண்ணெயும் கரியும் படிந்த பட்டறை வேலை தொடக்கத்தில் அவருக்கு உவப்பாக இல்லை. ஆயினும் அதனைக் கைவிடாது பயின்று, பின்னர் வரைபட அலுவலகத்திலும் வேலை கற்றார். பகலெல்லாம் தொழில் செய்தபின், இரவுப் பள்ளிக்குச் சென்று பொறியியல் வரைபடம், உயர் கணக்கு, இயந்திரவியல் ஆகியவற்றைப் பயின்றார். வீட்டில் தமக்கென ஒரு கடைசற் பொறியையும் அமைத்துக்கொண்டார். அறிவும் கையும் ஒருங்கே பயின்ற காலம் இதுவாகும். வரைந்தவனே அறுத்துப் பார்த்தால்தான், தன் வரைபடத்தின் குறை அவனுக்கு விளங்கும்.

முதல் உலகப் போர் நிகழ்ந்துகொண்டிருந்த நாளில், சவுதாம்டன் துறைமுக நகரில் நீர்விமானங்கள் கட்டிவந்த சூப்பர்மரீன் நிறுவனத்தில் மிட்செல் வேலைக்கு அமர்ந்தார். 1918-ஆம் ஆண்டில் பள்ளித் தலைமையாசிரியையாய் இருந்த புளோரன்ஸ் டேசன் அம்மையாரை மணந்தார். அவர்களுக்கு ஒரே மகன் பிறந்தான். 1919-ஆம் ஆண்டில், 24 வயது நிரம்பிய மிட்செல் நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளர் ஆனார். அடுத்த ஆண்டில் தலைமைப் பொறியாளர் பொறுப்பும் அவரை வந்தடைந்தது. ஆண்டில் இளையவராயினும் ஆற்றலில் முதியவராய் அவர் விளங்கினார்.

வெற்றியும் வீழ்ச்சியும்

அக்காலத்தில் நீர்விமானங்களுக்கென ஷ்னைடர் கோப்பைப் பந்தயம் என்னும் உலகப் போட்டி ஒன்று நடைபெற்றுவந்தது. 1922-ஆம் ஆண்டில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் நடந்த பந்தயத்தில் மிட்செலின் விமானம் வெற்றி பெற்றது. அதற்குமேல் விரைந்து செல்லும் ஒன்றை ஆக்க விரும்பிய அவர், எஸ்.4 என்னும் புதிய விமானத்தை அமைத்தார். அந்நாளைய விமானங்களின் இறக்கைகளைக் கம்பிகளும் கால்களும் தாங்கி நின்றன. அவை காற்றைத் தடுத்து வேகத்தைக் குறைத்தன. எஸ்.4 விமானத்திலோ அத்தாங்கிகள் எவையும் இல்லை. காண்போர் வியக்கும் வடிவழகு உடையதாய் இருந்தது அது. ஆயினும் 1925-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், பந்தயத்திற்கு முன் நிகழ்ந்த வெள்ளோட்டத்தில், அது நிலைதடுமாறி நீரில் வீழ்ந்தது. நல்வினைப் பயனாக விமானி உயிர் பிழைத்தார்.

விமானியின் உயிர் வரைபவனுடைய கையில் உள்ளது என்பதை மிட்செல் நன்கு உணர்ந்தவர். இவ்வீழ்ச்சியினால் அவர் சோர்ந்துவிடவில்லை. செருக்கினாற் பிழையை மறைக்கவும் முயலவில்லை. சிறுவயதில் வீழ்ந்த மாதிரியைக் கையில் எடுத்து ஆராய்ந்தவாறே, இப்பொழுதும் மாதிரிகளிடமே சென்றார். தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் காற்றுக் குகையில் அவர் வகுத்த அடுத்த விமானத்தின் சிறிய மாதிரி உருக்கள் ஆராயப்பெற்றன.

காற்றுக் குகை என்பது யாது? நீண்ட கூடு ஒன்றினுள் பெரிய விசிறியினால் காற்றை விரைந்து ஓடச் செய்வர். அதன் நடுவே அளவொத்த மாதிரியை நிறுத்துவர். வானத்தில் விமானம் ஓடக் காற்று நிற்கின்றது. குகையில் காற்று ஓட மாதிரி நிற்கின்றது. விளைவோ பெரிதும் ஒத்ததாகும். மாதிரியை எவ்வளவு விசை தூக்குகின்றது, எவ்வளவு விசை பின்னுக்குத் தள்ளுகின்றது என்பவற்றைத் துலாக்கோல் போன்ற கருவியால் அளந்தறிவர். ஓர் உயிருக்கும் ஊறு நேராமல் நூறு முறை பிழை செய்து நூறு முறை திருத்திக்கொள்ள அக்குகை இடம் தருகின்றது.

இங்ஙனம் பிறந்த எஸ்.5 விமானம், 1927-ஆம் ஆண்டில் வெனிஸ் நகரப் பந்தயத்தில் முதலிடத்தையும் இரண்டாம் இடத்தையும் பெற்றது. தாங்கிக் கம்பிகளை இவ்விமானத்தில் மிட்செல் மீண்டும் சேர்த்திருந்தார். அழகைவிட உறுதியே முதன்மையானது என்று கொண்ட அவர்தம் அறிவுடைமையை இது காட்டும். 1929-ஆம் ஆண்டிலும் அவர் விமானமே வென்றது. 1931-ஆம் ஆண்டுப் பந்தயத்திற்கு அரசினர் பொருளுதவி மறுத்தபொழுது, ஹூஸ்டன் சீமாட்டியார் 1,00,000 பவுன் வழங்கினார். அவ்வாண்டு எஸ்.6பி விமானம் கோப்பையை இங்கிலாந்துக்கே நிலையாக உரியதாக்கியது. அதே செப்டம்பர் மாதம் 29-ஆம் நாள் அவ்விமானம் மணிக்கு 407 மைலுக்கு மேற்பட்ட வேகத்திற் பறந்து, 400 மைல் எல்லையைக் கடந்த முதல் விமானம் என்னும் புகழையும் எய்தியது.

பந்தய விமானங்களோடு அவர் பணி நின்றுவிடவில்லை. அவர் அமைத்த சவுதாம்டன் என்னும் பறக்கும் படகுகள் நான்கு, 1927-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு, இந்தியாவையும் கடந்து, சிங்கப்பூரை அடைந்தன. வால்ரஸ் என்னும் அவருடைய நீர்நில விமானம், பின்னர் நிகழ்ந்த போரிற் கடலில் வீழ்ந்த விமானிகள் பலரை மீட்டுக் கரைசேர்த்தது.

நோயும் நோன்பும்

1933-ஆம் ஆண்டில், 38 வயதான மிட்செலைக் குடற் புற்றுநோய் பற்றியது. பெரியதோர் அறுவை மருத்துவத்திற்குப் பின் அவர் உயிர் பிழைத்தார். ஆயினும் அந்நோய் மீண்டும் வரக்கூடும் என்பதை அவர் அறிந்தே இருந்தார். எஞ்சிய நாள்களை ஓய்விற் கழிப்பதற்கு அவருக்கு முழு உரிமையும் இருந்தது. ஆனால் அவர் தொழிலையே மீண்டும் நாடினார். விமானி உணர்வதைத் தாமும் உணர வேண்டும் என்று விமானம் செலுத்தக் கற்று, 1934-ஆம் ஆண்டில் உரிமமும் பெற்றார்.

அவ்வாண்டின் தொடக்கத்தில் அவருக்கு மற்றொரு தோல்வி நேர்ந்தது. அரசினர் கேட்டவாறு அவர் அமைத்த போர்விமானம் பிப்ரவரி மாதம் முதன்முறை பறந்தது. அதன் சக்கரங்கள் மடங்காமல் வெளியே நின்றன, இறக்கை தடித்திருந்தது, எஞ்சினின் வெப்பத்தைத் தணிக்கும் நீராவி அமைப்பும் தொல்லை தந்தது. எதிர்பார்த்த வேகம் கிட்டவில்லை. அரசினர் வேறொரு நிறுவனத்தின் விமானத்தைத் தேர்ந்தனர்.

மிட்செல் தம் படைப்பின் குறைகளைப் பிறர் கூறுமுன் தாமே கண்டார். அதனை ஒட்டுப்போட்டுத் திருத்துவதை விடுத்துப் புதிதாகவே தொடங்கினார். ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தின் புதிய மெர்லின் எஞ்சின் அவருக்குக் கிடைத்தது. பெவர்லி ஷென்ஸ்டன் என்னும் கனடா நாட்டு அறிஞர் இறக்கை வடிவத்தை ஆராய்ந்து உதவினார். நீள்வட்ட வடிவுடைய மெல்லிய இறக்கையினுள் எட்டுத் துப்பாக்கிகளும் மடங்கும் சக்கரங்களும் அடங்கின. மிட்செல் வரைபடப் பலகையின் முன் நெடுநேரம் வாய் பேசாது நிற்பார். உடன் பணிபுரிவோர் கருத்தைக் கேட்பார். தக்கது எனின் தயங்காது ஏற்பார். பலர் அறிவையும் ஒன்றாகத் திரட்டி ஒரு வடிவில் நிறுத்தும் ஆற்றலே அவருடைய பேராற்றல் ஆகும்.

1936-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 5-ஆம் நாள் ஈஸ்ட்லி விமான நிலையத்திலிருந்து அவ்விமானம் முதன்முறையாக வானில் எழுந்தது. அதுவே ஸ்பிட்பயர். நிறுவனத் தலைவர் இட்ட அப்பெயர் மிட்செலுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. முதற்பறப்பின்போது அதற்கு இறுதி வண்ணம் பூசப்பெறவில்லை. பின்னரே வெளிறிய நீலமும் சாம்பலும் கலந்த வண்ணம் வழவழப்பாகப் பூசப்பெற்றது. அவ்வாண்டின் சோதனைகளில் அது மணிக்கு 349 மைல் வேகத்தை எட்டியது. ஜூன் மாதத்தில் அரசினர் 310 விமானங்கள் வேண்டினர்.

அதன் மேற்பரப்பைப் பற்றி ஒரு செய்தி உண்டு. உலோகத் தகடுகளை இணைக்கும் ஆணிகளின் தலை குவிந்திருந்தால் காற்றைத் தடுக்கும். தகட்டோடு தகடாகப் படிய வைத்தால் தடை குறையும். ஆனால் அங்ஙனம் படிய வைத்தற்கு உழைப்பும் செலவும் மிகுதி. எல்லா ஆணிகளையும் படிய வைத்தல் வேண்டுமா, சிலவற்றைக் குவிந்தவாறே விட்டுவிடலாமா என்பது வினா. அக்குழுவினர் பிளந்த பட்டாணிப் பருப்புகளை வாங்கி, ஒவ்வோர் ஆணித்தலையின் மேலும் ஒவ்வொன்றாக ஒட்டிப் பறக்கவிட்டனர். வேகம் மணிக்கு 22 மைல் குறைந்தது! பின்னர்ப் பகுதி பகுதியாகப் பருப்பை நீக்கி, மீண்டும் மீண்டும் பறந்து, எவ்விடத்து ஆணி படிந்திருத்தல் வேண்டும், எவ்விடத்தில் வேண்டுவதில்லை என்பதைத் தெளிந்தனர். அடுக்களைப் பொருளும் அறிவுடையார் கையில் ஆய்வுக் கருவியாகும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

மறைவு

நோய் மீண்டும் வந்தது. உடல் தளர்ந்த நிலையிலும் மிட்செல் விமானத் திடலுக்கு வந்து, தம் காரில் அமர்ந்தவாறே ஸ்பிட்பயர் பறப்பதைப் பார்த்துச் செல்வார். 1937-ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் மருத்துவத்திற்காக வியன்னா நகருக்குச் சென்றார். நோய் தணியாமையால் மே மாதத்தில் வீடு திரும்பினார். ஜூன் மாதம் 11-ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். அன்று முழுமையாக இருந்தது சோதனை விமானம் ஒன்றே. படைக்கென ஆக்கப்பெற்ற ஸ்பிட்பயர் ஒன்றையேனும் அவர் கண்ணாற் காணவில்லை.

விட்ட இடத்திலிருந்து பணியைத் தொடர்ந்தவர், அவரிடம் பயின்ற ஜோசப் ஸ்மித் என்பவர். 1938-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஸ்பிட்பயர் படையிற் சேர்ந்தது. 1940-ஆம் ஆண்டில் ஜெர்மானிய விமானங்கள் இங்கிலாந்தைத் தாக்கியபொழுது, எண்ணிக்கையில் மிகுந்த ஹரிக்கேன் விமானங்களோடு தோளிணைந்து ஸ்பிட்பயர்களும் அந்நாட்டைக் காத்தன. அப்போரில் ஸ்பிட்பயர் செலுத்திய 234-ஆம் படைப்பிரிவு சென்னை மாகாணத்தின் பெயரைத் தாங்கியது என்பது நாம் அறியத்தக்க செய்தி. போர் முடிந்த பின்னரும் சில ஆண்டுகள் தொடர்ந்த இவ்விமானத்தின் ஆக்கம், மொத்தம் 20,000-க்கும் மேற்பட்ட எண்ணிக்கையை எட்டியது.

மாதிரிக்கு மாதிரி

மாதிரி விமானத்தில் தொடங்கிய மிட்செலின் பணி, மாதிரி விமானமாகவே மீண்டும் சிறுவர் கைகளை வந்தடைந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, வானிற் பறக்கும் விமானம் நட்பா பகையா என்று நொடிப்பொழுதில் அறிதல் வீரர்க்கு இன்றியமையாததாயிற்று. ஆதலின் 1942-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படையினர் அந்நாட்டுப் பள்ளி மாணவர்களிடம் 5,00,000 மர மாதிரிகளைச் செய்து தருமாறு வேண்டினர். ஒன்றுக்கு எழுபத்திரண்டு என்னும் அளவில் மாணவர்கள் அவற்றைச் செதுக்கிக் கருவண்ணம் பூசி அளித்தனர். இவ்வளவில் அமைந்த மாதிரியை 35 அடித் தொலைவில் வைத்துக் காண்பது, உண்மை விமானத்தை ஏறத்தாழ அரை மைல் தொலைவிற் காண்பதற்கு ஒப்பாகும். அளவிற் சிறிது பிழைத்தாலும், நண்பனைப் பகைவன் என்று கருதும் பெரும்பிழை நேர்ந்துவிடும்.

1953-ஆம் ஆண்டில் ஏர்பிக்ஸ் என்னும் ஆங்கில நிறுவனம், பிளாஸ்டிக் உறுப்புகளை இணைத்துச் செய்யும் மாதிரி விமானத்தை முதன்முறையாக வெளியிட்டது. அந்நிறுவனம் தேர்ந்த முதல் விமானம் ஸ்பிட்பயரே. உண்மை ஸ்பிட்பயரின் இறக்கை அகலம் 36 அடி 10 அங்குலம். நீளம் 29 அடி 11 அங்குலம். எழுபத்திரண்டில் ஒன்றாகக் குறைத்தால் இறக்கை ஆறு அங்குலத்திற்குச் சற்று மேலாகவும், நீளம் ஐந்து அங்குலமாகவும் அமையும். உள்ளங்கையில் அடங்கும் விமானம்!

அதனைச் செம்மையாகச் செய்தற்கும் நெறி உண்டு. விமானி அமரும் உள்ளறைக்கு உடற்பகுதியின் இரு பாதிகளையும் ஒட்டுமுன்னரே வண்ணம் தீட்டுதல் வேண்டும். ஒட்டிய பின்னர்த் தூரிகை நுழையாது. பசை மிகுந்தால் பிளாஸ்டிக் உருகி வடிவம் கெடும். குறைந்தால் இணைப்பு நில்லாது. பொருத்துவாயிற் புடைத்து நிற்பதனை அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்த்து ஒழுங்காக்குதல் வேண்டும். இறக்கைகள் இரண்டும் ஒரே சாய்வில் நிற்கின்றனவா என்பதை நேர்முன்னே வைத்துப் பார்த்தல் வேண்டும். பின்னரே வண்ணம். 1940-ஆம் ஆண்டு ஸ்பிட்பயரின் மேற்புறத்தில் மண்ணின் பழுப்பும் இலையின் கரும்பச்சையும் திட்டுத் திட்டாகப் பூசப்பெற்றிருந்தன. அடிப்புறத்தில் வானின் வெளிறிய நிறம் பூசப்பெற்றிருந்தது. மேலிருந்து நோக்கும் பகைவனுக்கு அது நிலத்தோடு நிலமாகவும், கீழிருந்து நோக்குவோனுக்கு வானோடு வானாகவும் தோன்றுதற் பொருட்டு இங்ஙனம் செய்தனர். மாதிரியிலும் வெளிறிய அடிவண்ணத்தை முதலிலும், இருண்ட மேல்வண்ணங்களைப் பின்னரும் தீட்டுவது எளிது. ஒரே முறையிற் கனமாகப் பூசினால் தகட்டின் நுண்கோடுகள் மறைந்துபோம். மெல்லிதாகப் பூசி, உலர்ந்தபின் மீண்டும் பூசுவதே முறை. நிறைவாக, நீரில் ஊறவைத்த வட்டச் சின்னங்களை உரிய இடத்தில் ஒட்டுவர்.

இவ்வேலையில் விரைபவன் கெடுப்பான், பொறுப்பவன் முடிப்பான். ஆணித்தலையின் உயரத்தையும் அளந்து பார்த்தவர்களின் விமானத்தைச் செய்பவனுக்கு, ஓர் இழைக் கோணலும் சிறிய குற்றமாகத் தோன்றலாகாது.

போர் வேண்டத்தக்கதன்று. ஆயினும் போர் வந்துற்ற காலத்தில் தம் நாட்டைக் காக்கும் கருவியை அமைக்க, தமக்கு நாள் சில என்று அறிந்தும், மிட்செல் தம் எஞ்சிய வலிமை முழுவதையும் அளித்தார். தோல்வியை அவர் மறைக்கவில்லை. நோயைக் காரணங்காட்டிக் கடமையினின்று நீங்கவுமில்லை. மாணவர்களே, மாதிரி விமானம் ஒன்றை நீங்கள் செய்ய நேருமாயின், மரச்சிம்பும் தாளும் கையிற்கொண்டு நின்ற அவ்விளஞ்சிறுவரை நினையுங்கள். முதல் முயற்சியில் அது கோணலாக அமைந்தால் வருந்தாதீர்கள், பிரித்துப் பாருங்கள், பிழை எங்கே என்று ஆராயுங்கள், மீண்டும் செய்யுங்கள். மிட்செல் பெரும்புகழ் எய்திய வழி அதுவே.